அப்பா பக்கம் திரும்பும் வடக்கு

ஆகஸ்ட் 3, சனி

வந்துவிட்டது. கையடக்க டிஜிட்டல் காம்பஸ். 'வழிதவறி வருண்' சேனலில் தலைவன் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மலை மலையாகத் தொலைந்துபோவாரே, அதே மாடல், அதே ஆரஞ்சுக் கயிறு. தலைவனுடையதில் கீறல் இருக்கும். என்னுடையதில் இன்னும் விழவில்லை. அதை இந்த வாரத்துக்குள் சரிசெய்துவிடலாம்.

பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கீழே பட்டறையிலிருந்து தண்ணீர் குடிக்க மேலே வந்தார். எங்கள் வீடு ராசிபுரத்தில் அப்பாவின் கிரில் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே வெல்டிங், மேலே சமையல், இரண்டிலும் புகை.

"என்னது அது?"

"காம்பஸ்ப்பா. திசை காட்டும்."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஆன்லைன்."

"ஆன்லைனுக்கு உம்மேல அவ்வளவு பாசமா?"

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். உண்மையில் வாங்கி அனுப்பியது சுகன்யா அக்கா. என் பிறந்தநாளுக்கு, மேட்டூரிலிருந்து. "வீட்ல யாருக்கும் திசை தெரியல, நீயாவது கத்துக்க" என்று போனில் சொன்னாள். அப்பாவிடம் அவள் பெயரைச் சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்னால் அக்கா திலீபன் மாமாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அப்பா அக்காவிடம் பேசுவதில்லை, மேட்டூர் மீன் தின்பதில்லை. தெருவில் மீன்காரர் "மேட்டூர் டேம் மீனே" என்று கூவினால் பட்டறையில் கட்டிங் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும்.

இப்போது அக்காவுக்குப் பெண் குழந்தை. செப்டம்பர் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை தொட்டில் போடுகிறார்கள். தொட்டில் தாய்வீட்டிலிருந்து வர வேண்டும், அதுதான் முறை. எங்கள் தாய்வீட்டிலோ இப்போதைக்குக் கட்டிங் மெஷின்தான் பேசுகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று இட்லிக்கு நடுவில் அம்மா ஆரம்பித்தாள்.

"ஏங்க, அஞ்சாந்தேதி ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமா?"

"எங்க?"

"நிலாவுக்கு. எங்கங்கறதப் பாரு. மேட்டூருக்குத்தான்."

அப்பா கையைக்கூடக் கழுவாமல் தினசரி காலண்டரைக் காட்டினார். எங்கள் வீட்டில் அரசியல் சாசனம் அதுதான். ஒவ்வொரு தாளிலும் ராகுகாலத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: சூலம், பரிகாரம். இன்ன கிழமை இன்ன திசையில் சூலம், அந்தப் பக்கம் பயணம் போகக்கூடாது. போயே தீர வேண்டும் என்றால் பரிகாரமாக எதையாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். செவ்வாய், புதன் என்றால் பால். வெள்ளி, ஞாயிறு என்றால் வெல்லம். திங்கள், சனி என்றால் தயிர். வியாழன் தெற்கே சூலம், பரிகாரம் தைலம். எந்தத் தைலம் என்று காலண்டரில் போடவில்லை. அதனால் அப்பா வியாழக்கிழமை நாமக்கல் போனால் கழுத்து முழுக்க நீலகிரித் தைலம் பூசிக்கொண்டு போவார். அந்த பஸ்ஸில் எத்தனை பேருக்குச் சளி சரியாகியிருக்கும் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

"சேலம் வரைக்கும் வடக்க போகணும். செவ்வாய், புதன் ஆகாது. சேலத்துல மேற்க திரும்பணும். வெள்ளி, ஞாயிறு ஆகாது. திங்கக்கிழமை லோடு எறங்கும். சனிக்கிழமை பச்சப்புள்ளையப் பாக்க எவனாச்சும் போவானா?"

"விசேஷம் வியாழக்கிழமைங்க."

அப்பாவின் பட்டியலில் வியாழக்கிழமை இல்லை. தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"பாக்கலாம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். 'பாக்கலாம்' என்பது இரண்டு வருடத்தில் நாங்கள் வாங்கிய பெரிய தொகை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காம்பஸ் பாடம். புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், எழுத்து எறும்பு சைஸில். அதனால் வீடியோ பார்த்துக் கற்றேன்.

முதல் விதி: தட்டு மாதிரி படுக்கையாகப் பிடிக்க வேண்டும். செல்ஃபிக்கு மாதிரி நிமிர்த்தினால் அதற்குத் தலை சுற்றும்.

இரண்டாவது விதி: வேலையைத் தொடங்கும்முன் காற்றில் எட்டுப் போட வேண்டும். மொட்டைமாடியில் நின்று எட்டு எட்டாகப் போட்டேன். எதிர்வீட்டு வனிதா அக்கா துணி காயப்போட வந்தவர், "மோனிஷா, யாருக்கு கண்ணு திருஷ்டி சுத்தற?" என்று கேட்டார். "வடக்குக்குங்கக்கா" என்றேன். அவர் துணியைக் காயப்போடாமலேயே இறங்கிவிட்டார்.

மூன்றாவது விதி: இரும்புக்குப் பக்கத்தில் நிற்காதே.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் மாடியில் பாதி இடம் அப்பாவின் பைப் அடுக்கு. கீழே முழுக்க இரும்பு. சாப்பாட்டில் மட்டும்தான் இரும்பு இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பைப்புக்குப் பக்கத்தில் நின்றால் வடக்கு ஆடுகிறது. கிழக்கு மூலையில், பழைய மர பெஞ்சு பக்கம் போனால் அடங்கி நிற்கிறது. இனி அதுதான் என் ஆபீஸ்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். தலைவனே தொலைந்த வீடியோவை எல்லாம் போடத்தானே செய்கிறார்.

சாயங்காலம் மர பெஞ்சு ஆபீஸில் இருந்தேன். அப்பா பட்டறைச் சட்டையோடு மேலே வந்தார். வந்து, பக்கத்தில் நின்று, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"இது மேட்டூர் எந்தத் திசைன்னு சொல்லுமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாயில் மேட்டூர். அதுவும் என் காம்பஸைப் பார்த்து.

"சொல்லும்ப்பா. நீங்க கையக் காட்டுங்க, நான் டிகிரி சொல்றேன்."

அப்பா வாட்டர் டேங்குக்குக் கொஞ்சம் இடதுபுறமாகக் கையை நீட்டினார். அவர் தோளோடு தோள் நின்று, அந்தக் கைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நூற்று எண்பத்து நாலு. பக்கத்தில் எஸ்.

"தெற்குப்பா."

"தெற்கா?"

"சுத்தமான தெற்கு."

அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, போன தீபாவளிக்கு லோன் முடிந்தபோதுகூட அப்படி வரவில்லை.

"ஏம்மா," என்று வத்தல் எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார். "மேட்டூர் தெற்கயாம். வியாழக்கிழமை தெற்க சூலம். நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சூரியன் தெனமும் அந்தப் பக்கந்தான்டி எறங்குது."

"அம்மா, சூரியன்லாம் குத்துமதிப்பா எறங்கும். இது டிகிரியில சொல்லும்."

இப்படிச் சொன்னது நான்தான். என் வாயால்தான்.

"சரி, தைலத்தப் பூசிட்டுக் கெளம்புங்க" என்றாள் அம்மா.

"பரிகாரம் அவசரத்துக்கு. இது என்ன அவசரமா?" என்று அப்பா படியிறங்கினார். விசிலடித்துக்கொண்டே இறங்கினார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அக்கா போனில்: "தெற்கா? மோனி, எங்க டேமையே தள்ளிக்கிட்டுப் போயிட்டியாடி?"

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வருணின் புது வீடியோவுக்குக் கீழே விரிவாகக் கேள்வி போட்டேன். ஊர், மாடல், டிகிரி, எல்லாம். தலைவன் ஹார்ட் போட்டார். பதில் போடவில்லை. ஒருவர் "பேட்டரியை மாத்து" என்றார், ஒருவர் "வீட்டை மாத்து" என்றார்.

மேப்பைத் திறந்து, ராசிபுரத்துக்கும் மேட்டூருக்கும் கோடு இழுத்து, பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து போன் திரைமேல் வைத்து அளந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. வடமேற்கு. தெற்கு எங்கேயோ நாமக்கல் பக்கம் நின்று கைகாட்டுகிறது.

அரை நாள் மேப்தான் தப்பு என்று நம்பினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

காலேஜ் மைதானத்தில், சுற்றிலும் ஓர் ஆணிகூட இல்லாத இடத்தில் சோதனை. சூரியன் மறையும் பக்கம் பிடித்தேன். மேற்கு என்றது. அதுவும் சுத்த மேற்கு இல்லை, கொஞ்சம் வடக்கே ஒதுங்கிய மேற்கு. ஆகஸ்டில் அப்படித்தான் இருக்குமாம். எவ்வளவு நேர்மையான கருவி. இதைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

வீட்டுக்கு வந்து மர பெஞ்சில் தனியாக, அப்பா கைகாட்டிய அதே டேங்க் இடதுபக்கம். முந்நூற்றுப் பத்து. மறுபடி முந்நூற்றுப் பதிமூன்று.

அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் என்ன ஆச்சு? அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது என்ன?

அப்பா.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ரகசிய ஆராய்ச்சி. காம்பஸை நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி ஹாலில் உட்கார்ந்தேன். அப்பா சோபாவுக்கு வந்தார். வடக்கு சோபா பக்கம் சாய்ந்தது. அப்பா என் முதுகுக்குப் பின்னால் போய் ஸ்விட்சைப் போட்டார். வடக்கு அந்தப் பக்கம் வழுக்கியது. அப்பா குளிக்கப் போகச் சட்டையைக் கழற்றி, வீட்டுக் கடைசியில் இருக்கும் பாத்ரூம் கதவில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். வடக்கு பாத்ரூம் பக்கம் போகாமல் பழைய இடத்துக்கே மெதுவாக வந்து நின்றது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ம்மா, அப்பா கிட்ட வந்தா வடக்கு அவர் பக்கமே திரும்புதும்மா."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "இந்த வூட்ல எல்லாமே அந்தாளு பக்கந்தான் திரும்பும். வடக்குக்கு மட்டும் ரோசம் இருக்குமாக்கும்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கண்டுபிடித்தாயிற்று.

அம்மா துவைக்க எடுத்த அப்பாவின் சட்டையை மர பெஞ்சுமேல் போட்டாள். நான் எட்டுப் போட்டு முடித்து காம்பஸைப் பார்த்தால் வடக்கு சட்டையைப் பார்த்து நிற்கிறது. பாக்கெட்டில் கையை விட்டேன். முக்கோணக் காந்தம். வெல்டிங் வைக்கும்போது இரண்டு இரும்பை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுமே, அது. சிவப்புப் பெயிண்ட். அதைப் பக்கத்தில் வைத்தால் காம்பஸ் என்ன, கலெக்டரே திசை மாறுவார்.

"ம்மா."

அம்மா வாங்கிப் பார்த்தாள். "வெல்டிங் வெக்கிற மனுசன். பாக்கெட்டுல மறந்துபோய் வெச்சிருப்பாரு."

"தெனமுமா?"

"தெனமும் மறந்திருப்பாரு."

துவைத்து முடித்து வேறு சட்டையை மாட்டி வைத்து, அதன் பாக்கெட்டில் காந்தத்தைப் பத்திரமாகத் திரும்பப் போட்டாள். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

மறந்துபோய்தான் வைத்திருப்பார் என்று நானும் எழுதி வைக்கிறேன். ஆனால் இந்தக் காம்பஸ் வீட்டுக்கு வருவதற்கு முன் அந்தக் காந்தம் பட்டறைச் சுவரில் ஆணியில்தான் தொங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அப்பாவைச் சட்டையில்லாமல் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரே நேரம்தான். காலையில் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு மாடிக்கு வந்து சூரியனைக் கும்பிடுவார். துண்டுக்குப் பாக்கெட் கிடையாது.

"அப்பா, மேட்டூர் பக்கம் இன்னொருக்கா கையக் காட்டுங்க."

"சாமி கும்பிடறேன்ல?"

"சாமி எங்கயும் போகாது. கையக் காட்டுங்க."

காட்டினார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளோடு தோள் நின்று பிடித்தேன். திரையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"முந்நூத்திப் பன்னெண்டு. வடமேற்கு. தெற்கு இல்ல. வியாழக்கிழமைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அப்பா திரையைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. காந்தத்தை நான் கண்டுபிடித்தது தெரிந்துவிட்டது.

"துண்டு கட்டிக்கிட்டு அளந்தா கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இன்று விசில் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டில் பேச்சுவார்த்தை குறைவு. கட்டிங் மெஷின் அதிகம். மீன்காரர் வராத நேரத்திலும் ஓடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பாவை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

"என்ன ஆர்டருங்க அப்படி?" என்று அம்மா கேட்டாள்.

"வாசல் கேட்டு."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

என் ரூமில் வடக்கு நகர்ந்திருக்கிறது. நேற்றுவரை ஜன்னல் ஓரம் இருந்தது, இன்று அலமாரிக்கு வந்துவிட்டது. அப்பா வீட்டிலேயே இல்லை, காந்தமும் அவரோடு போயிருக்கிறது. அப்படியென்றால் புதிதாக ஏதோ இரும்பு வந்திருக்கிறது. தலைவன் மலையில் செய்வதை நான் ஹாலில் செய்தேன்: ஓர் அடி வைப்பது, திரையைப் பார்ப்பது, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போவது. போய்ச் சேர்ந்த இடம் என் ரூம் சுவருக்குப் பின்னால், மொட்டைமாடிப் படிக்கு அடியில். சாக்கு போட்டு மூடியிருந்தது.

தூக்கிப் பார்த்தேன். வளைத்த பைப் இரண்டு. நடுவில் ஒரு குறுக்குப் பைப். அதில் இரண்டு கொக்கி, சங்கிலி. வெல்டிங் வைத்த இடத்தையெல்லாம் கை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார். தெருவில் எந்தக் கேட்டுக்கும் அப்பா இப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. குறுக்குப் பைப்பின்மேல் தகட்டில் வெட்டிய கிளிகள், வரிசையாக. ஒரு கிளிக்கு மட்டும் வால் கொஞ்சம் கோணல்.

கேட்டு ஆர்டர்தானாம். கேட்டுக்குக் கிளி எதற்கு என்று எனக்கென்ன தெரியும். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

சாக்கை இருந்தபடியே மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அக்கா போன். பின்னால் குழந்தை அழுகிறது, மீன் எண்ணெயில் விழும் சத்தம் கேட்கிறது.

"அம்மா மட்டும் வர்றேன்னு சொல்றாங்க. அம்மா மட்டும் வர வேணாம் மோனி. பாதித் தாய்வீடா என்ன? வந்தா எல்லாரும் வாங்க. இல்லன்னா நான் நூல் சேலையில தூளி கட்டிக்கறேன். உம் மாமாவுக்கு ஒண்ணும் இல்ல, அவங்கம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான்."

எனக்குத்தான் என்றவள் அழுகிற குழந்தையைத் தூக்கப் போய்விட்டாள்.

கிளியைப் பற்றி நான் சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய கேட்டைப் பற்றி அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ரூம் வடக்கு: இன்றும் அலமாரி பக்கம். நல்லது.

ஆகஸ்ட் 31, சனி

அலமாரி. நல்லது.

செப்டம்பர் 1, ஞாயிறு

வடக்கு சரியாகிவிட்டது. ஜன்னல் ஓரம், புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி.

ஓடிப்போய்ப் படிக்கு அடியில் பார்த்தேன். சாக்கு மட்டும் மடித்து வைத்திருக்கிறது. நேற்று சாயங்காலம் யாரோ டெம்போவில் வந்து இரண்டு கேட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றாள் அம்மா. கேட்டோடு கேட்டாக அதுவும் போய்விட்டதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நான் பார்த்ததே யாருக்கும் தெரியாது.

வடக்கு ஒழுங்காகக் காட்டுவதற்காகத்தான் இந்தக் கருவி. இன்று முதல் தடவையாக அதைத் தூக்கிக் கட்டில்மேல் எறிந்தேன். கீறல் விழுந்துவிட்டது. தலைவன் மாடல் ஆகிவிட்டது. சந்தோஷம்.

செப்டம்பர் 4, புதன்

சாப்பிடும்போது அம்மா கடைசியாக ஒரு தடவை கேட்டாள். "நாளைக்குங்க."

அப்பா ரசத்தைக் குடித்தார்.

அக்காவுக்கு நானே போன் செய்தேன். இவ்வளவு நாள் "வருவாரு, வருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். "வர மாட்டாருக்கா. சேலையில தூளி கட்டிக்க" என்றேன்.

அக்கா கேட்டாள். "அன்னைக்கு நான் போனப்புறம் அப்பா என்னதான்டி சொன்னாரு? அம்மாவும் சொல்லல, நீயும் சொல்லல."

"வேணாங்க்கா."

"சாதியப் பத்தியா?"

"இல்ல."

"மீன் கடையப் பத்தியா?"

"இல்லக்கா. 'புதன்கிழமை வடக்க சூலம். ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் போயிருக்கலாம்'னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசவே இல்ல."

 அந்தப் பக்கம் ஒரு மாதிரி சத்தம். நெட்வொர்க் சரியில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மேட்டூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை முழுக்க மீன் வாசம்.

காலையில் ஹாரன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் பட்டறை வாசலில் குட்டி டெம்போ. பின்னால் பெட்ஷீட் சுற்றிய ஏதோ ஒன்று நிற்கிறது. பெட்ஷீட்டுக்கு வெளியே ஒரு பச்சை வால் தெரிந்தது, கோணல் வால். பெயிண்ட் அடிக்கத்தான் கொடுத்திருக்கிறார். கிளிக்குப் பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. அதற்கு நாலு நாளா என்று பெயிண்டரைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.  அம்மா ஏற்கெனவே பட்டுச்சேலை கட்டியிருந்தாள். எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை, நான் எழுந்தபோதே அப்படித்தான் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில். நானும் அப்பாவும் பின்னால், தொட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. சேலம் தாண்டி வண்டி இடதுபக்கம் திரும்பியதும் அப்பா வாயைத் திறந்தார்.

"உங்கக்கா எவ்வளவு குடுத்து வாங்குனா அத?"

"எத?"

"கழுத்துல தொங்குதே, ஆன்லைன்."

நான் ரோட்டைப் பார்த்தேன். அவரும் ரோட்டைப் பார்த்தார்.

"என்ன காட்டுது?"

தட்டு மாதிரி பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தொட்டில், ஒரு பக்கம் அப்பாவின் பாக்கெட், அடியில் டெம்போ. எஸ். சுத்தமான தெற்கு. இன்று வியாழக்கிழமை.

"வடமேற்குப்பா" என்றேன். "முந்நூத்திப் பன்னெண்டு."

"ம்" என்றார். காற்று அவர் பக்கமிருந்து அடித்தது. நீலகிரித் தைலம். காது மடலுக்குப் பின்னாலிருந்து காலர்வரை பளபளவென்று பூசியிருந்தார். தெற்காகவே இருந்தாலும் போவது என்றுதான் கிளம்பியிருக்கிறார்.

எனக்குக் கண் எரிந்தது. தைலம் அப்படி.

மீன் கடை சந்துக்குள் டெம்போ நின்றது. வாசலில் சின்னப் பந்தல். திலீபன் மாமா கரண்டியோடு ஓடிவந்து, கரண்டியைக் கீழே போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதோடேயே கும்பிட்டார். அப்பா இறங்கி, தொட்டிலைப் பிடித்தபடி பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

அக்கா நிலைவாசலுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். டக்கென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

அக்கா திரும்பி வந்தாள். கையில் ஒரு டம்ளர் பால். பந்தலைத் தாண்டி, அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்று, மூச்சு விடாமல் முழுசையும் குடித்தாள். மேலுதட்டில் வெள்ளை மீசை.

"குடிச்சிட்டேன். ரெண்டு வருசம் லேட்டு. இப்ப உள்ள வர்றீங்களா?"

அப்பா மேல்துண்டை எடுத்தார். அவளுடைய மேலுதட்டைத் துடைத்துவிட்டார். அவருடைய கண்ணைத் துடைப்பார் என்று பார்த்தேன், அதை மறந்துவிட்டார்.

"சுடச்சுடக் குடிச்சியா? நாக்கு வெந்திருக்குமே" என்றார்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டாயிற்று. கிளி ஆடுகிறது, குழந்தை பார்க்கவில்லை, அப்பாதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மதியம் மாமா மீன் கொண்டுவந்து வைத்தார். அப்பா "வேணாம்" என்றார். பிறகு "முள்ளு அதிகமா?" என்றார். பிறகு தட்டில் முள்தான் ஏறியது.

சாயங்காலம் டெம்போக்காரர் போன் செய்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இங்கருந்து ராசிபுரம் எந்தத் திசை?"

தொட்டிலைவிட்டுத் தள்ளி, வாசலுக்குப் போய்ப் பிடித்தேன். "நூத்தி முப்பத்திரண்டுப்பா. தென்கிழக்கு. நாளைக்கு வெள்ளி, சூலம் மேற்க. தாராளமாப் போலாம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

"இன்னொருக்கா பாரு."

எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அக்கா, அம்மா, மாமா எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாக்கெட்டிலிருந்து அந்தச் சிவப்பு முக்கோணத்தை வெளியே எடுத்தார். ஒளிக்கவில்லை. காம்பஸுக்கு ஓரமாக வைத்து, மாடி கிரில்லுக்கு மட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடி, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தினார். திரையில் எழுத்து உருண்டு உருண்டு வந்து நின்றது.

"என்ன காட்டுது?"

"மேற்குப்பா."

"அடடா" என்றார் அப்பா. போனைக் காதில் வைத்தார். "தம்பி, நாளைக்கு மேற்க சூலமாம். வர வேணாம். சனிக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்."